மேற்படி வேலாயுதத்தின் பவர் பத்திரம்: ஒரு வரைவு

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, என் மேசைக்கு எதிரே போட்டிருக்கும் பெஞ்சில் அது மூன்று பேராக வந்து உட்கார்ந்தது.

நான் காஞ்சிபுரத்தில் பத்திர எழுத்தர். பெயர் கலீம். பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே எனக்கு ஒரு மேசையும் ஒரு கணினியும் இருக்கின்றன. பத்திரம் வராத நேரத்தில் அதே கணினியில் கதை எழுதுவேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத வேலை. பத்திரத்தில் அழகாக ஒரு வாக்கியம் எழுதினால் கட்சிக்காரர் சந்தேகப்படுவார். கதையில் 'மேற்படி' என்று எழுதினால் பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்புவார். எனக்கென்னவோ 'மேற்படி' பிடித்த சொல். ஒருவரை ஒருமுறை ஒழுங்காக அறிமுகப்படுத்திவிட்டால் போதும், பிறகு அவர் அழுதாலும் சிரித்தாலும் மேற்படியார்தான்.

வந்தவர்களில் முதலாமவர் வேலாயுதம், எழுபத்தைந்தைத் தாண்டிய பட்டு நெசவாளர், இன்னும் தறியில் உட்காருகிறவர். இரண்டாமவர் அவர் மனைவி தில்லையம்மாள். மூன்றாவது அவர்கள் மகன் ஆனந்தகுமார், ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். [அசல் பெயர்கள் பத்திரத்தில் இருக்கின்றன. இவை நான் வைத்தவை. பிள்ளையார்பாளையத்தில் போய் யாரும் விசாரிக்க வேண்டாம்.]

"பவர் எழுதணும் பாய்," என்றான் ஆனந்தகுமார். "நைனாவும் அம்மாவும் எனக்கு எழுதிக் குடுக்கணும். வீட்டு வரி, பேங்க்கு, கரண்டு ஆபீசு, எல்லாத்துக்கும் இவங்கள இழுத்துக்கினு அலைய முடியல. போன மாசம் பேங்க்ல நைனாவை நாள் பூரா உக்கார வெச்சிட்டாங்க."

பவர் என்பது, என் சார்பில் நீ கையெழுத்துப் போடலாம் என்று ஒருவர் இன்னொருவருக்கு எழுதிப் பதிந்து கொடுப்பது. அரசாங்கம் அதைப் பொது அதிகார ஆவணம் என்கிறது. ஊரில் பவர்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பவர் கொடுத்தவர் இறந்தால் அது செல்லாது, இது எல்லோருக்கும் தெரியும். கொடுத்தவருக்குப் புத்தித் தெளிவு போய்விட்டாலும் செல்லாது என்பது பலருக்குத் தெரியாது. எந்த நாளை நினைத்துப் பயந்து பெற்றோர் பவர் எழுதுகிறார்களோ, அந்த நாள் வந்ததும் அது சட்டப்படி கண்ணை மூடிவிடும். நடைமுறை வேறு. கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று சான்று கேட்பார்கள். நினைவோடு இருக்கிறாரா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காதவரை ஓடும். ஆனால் புத்தி போன பிறகு புதிதாக எழுத மட்டும் முடியாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.]

2

முதல் தொடக்கம்: "பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடிவதற்கு முன்பே தறிச்சத்தம்—"

(நிறுத்திவிட்டேன். காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தச் சத்தத்தில்தான் தொடங்குகிறார்கள். அங்கே குடியிருக்கிறவர்களுக்கு அது கேட்பதே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "ஆனந்தகுமாரின் கண் முழுவதும் அந்த வீட்டின் மேல்—"

(பொய். அவன் கண் கைப்பேசி மேல் இருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.)

மூன்றாம் தொடக்கம்: "கைலாசம் அவர்களின் குமாரர் வேலாயுதம் ஆகிய நான், நல்ல நினைவுடனும் சுயபுத்தியுடனும், யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி, மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்த—"

(இது நான் உண்மையிலேயே அன்று தட்டச்சு செய்தது. எந்தப் பவருக்கும் இதுதான் முதல் வரி. விரல் தானாகப் போகும். கதைக்குத் தொடக்கமாக வைக்கத் துணிச்சல் வரவில்லை. ஆனால் அழிக்கவும் மனமில்லை, இருக்கட்டும்.)

3

ஆனந்தகுமாரை என்ன செய்வது என்று தெரியாமல் நெடுநாள் விழித்தேன். வயதான அப்பா, அம்மா, பிள்ளை, ஒரு பத்திரம் என்றாலே வாசகர் பிள்ளையைத் திருடனாக்கிவிட்டுக் காத்திருப்பார். நானும் முதல் வரைவில் அவனுக்குக் கொஞ்சம் பேராசை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பெஞ்சில் உட்காரும் முன் அவன் தன் கைக்குட்டையால் அப்பாவுக்கு இடம் துடைத்துக் கொடுத்தான். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை, அதனால் படியிறங்கும்போதெல்லாம் கையை நீட்டினான். நல்ல பிள்ளையை வைத்துக் கதை எழுதுவது கஷ்டம்.

என் மனைவி ரூக்ஷார்தான் எதையும் முதலில் படிப்பாள். வீட்டில் எங்களுக்குள் உருது. அவள் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன், கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"பையன் நல்லவன், அப்பா நல்லவர், அம்மா நல்லவங்க. அப்போ கதையில என்னதாங்க பிரச்சனை?"

"பொறு," என்றேன்.

"நான் பொறுப்பேன். படிக்கிறவங்க பொறுக்கணுமே."

ஆகவே சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

4

"ஐயா, உங்க பேரு?"

"வேலாயுதம்," என்றார்.

"அப்பா பேரு?"

"கைலாசம்," என்றார் தில்லையம்மாள். தெருவையும் கதவு எண்ணையும் அவரே சொன்னார்.

"இன்னா தொழில் பண்றீங்க?"

"தறி..." என்று வேலாயுதம் இழுக்க, "சொந்தத் தறி பாய், நெசவாளர் சொசைட்டிக்குப் போடறோம்" என்று மீதியை மனைவி முடித்தார்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் சிரித்தான். "எங்க வீட்ல எப்பவும் அப்பிடித்தான் பாய். நைனா பாதி, அம்மா பாதி. சின்ன வயசுல என்னைத் திட்டுறதுகூட ரெண்டு பேரும் பங்கு போட்டுத்தான் திட்டுவாங்க."

இதற்குக் காரணம் உண்டு. அவர்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டுக்கும் தனித்தனி நாடா, அதாவது ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை. ஒரு ஆளுக்கு இரண்டு பக்கமும் கை எட்டாது. வலது கரைக்கென்று இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை வாங்கிப் போட வேண்டும். இந்த வீட்டில், கல்யாணமான காலத்திலிருந்து, அந்த இன்னொருவர் தில்லையம்மாள். அப்படி ஆயுள் முழுக்க உட்கார்ந்தவர்கள் பேச்சிலும் பாதிப் பாதியாக இருந்தால் யாருக்கு என்ன தோன்றும்? எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தாயும் மகனும் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போனார்கள். சும்மா இருக்க வேண்டாமே என்று கேட்டேன்.

"பவர் யாருக்கு எழுதுறோம்னு தெரியுமா ஐயா?"

"தெரியும் பாய். தில்லைக்கு."

"பையனுக்கு ஐயா."

"அவனுக்கு எதுக்கு? அவன் கம்பெனிக்குப் போறவன். எனக்கு எதுனா ஒண்ணுன்னா அவதானே பாக்கறா?"

கிழவர் கேலி பேசுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். இருவரும் மாற்றி மாற்றிப் பவர் எழுதிக்கொண்டால் பேங்க் படியை யார் ஏறுவது? ஆனந்தகுமார் பெயரைத் தட்டச்சு செய்தேன்.

5

பத்திரங்களை நான் தனித்தனியாக எழுதியிருந்தேன், அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அதனால் அலுவலகத்தில் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். தில்லையம்மாள் வெளியே நாற்காலியில் இருந்தார். வேலாயுதத்தோடு நானும் ஆனந்தகுமாரும் உள்ளே போனோம்.

பதிவு அதிகாரி இளம்பெண். கண்டிப்பானவர், மரியாதை தெரிந்தவர். வேலாயுதம் கேமராவைப் பார்க்கச் சொன்னால் பார்த்தார், விரல் வைக்கச் சொன்னால் வைத்தார்.

"ஐயா, இந்தப் பவர் யாருக்குக் குடுக்கிறீங்க?"

வேலாயுதம் லேசாக வலது பக்கம் சாய்ந்தார். அங்கே காலி நாற்காலி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்.

"ஐயா?"

"அவ சொல்லுவா," என்றார்.

"அவங்க சொல்லக் கூடாதுங்க. நீங்கதான் சொல்லணும்."

அவர் சிரித்தார். விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கும் மரியாதையான சிரிப்பு.

"இன்னிக்கு என்ன கிழமைங்க ஐயா?"

அதற்கும் அதே சிரிப்பு.

அதிகாரி பத்திரத்தை மூடி ஆனந்தகுமாரிடம் கொடுத்தார். "டாக்டர் சர்டிபிகேட்டோட இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க. இப்போ நான் பதிய முடியாது. அன்னிக்கும் நான் கேட்பேன், அவர் சொல்லணும்."

ஆனந்தகுமாரின் முகம் எப்படி மாறியது என்பதை—

(வேண்டாம். மாறியது, அவ்வளவுதான்.)

வெளியே வந்து அம்மாவிடம் கேட்டான். "எத்தினி நாளாம்மா?"

"இன்னாடா எத்தினி நாளா?"

"நைனாவுக்கு."

தில்லையம்மாள் டீக்கடைப் பக்கம் கை காட்டினார். "அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுப்பா. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல."

6

[இந்தப் பகுதியை அழித்துவிட்டேன். அதில் ஆனந்தகுமாரை அழவைத்திருந்தேன். அவன் அழவில்லை. டீ வாங்கி வந்து, ஆற்றி, அப்பாவின் கையில் கொடுத்தான்.]

7

வீடு இருவர் பெயரிலும் சேர்ந்துதான் இருக்கிறது. அதனால் இரண்டு பத்திரத்துக்குப் பதில் ஒரே பத்திரமாக, இருவரும் கூட்டாகக் கொடுப்பது போல எழுதலாம். அப்படி எழுதினால் இருவரையும் ஒன்றாகக் கூப்பிடுவார்கள். அதைச் சொல்லத்தான் பிள்ளையார்பாளையம் போனேன். எழுத்தர் கட்சிக்காரரின் வீடு தேடிப் போவது வழக்கமில்லை. கதை எழுதுகிறவன் போனான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் தறியில் இருந்தார்கள். மாம்பழ நிறத்துக்கு அரக்குக் கரை. கரையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு பிசிறு இல்லை. அந்தக் கைகளைப் பார்த்தால், கிழமை தெரியாத மனிதரின் கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. தில்லையம்மாள் ஒவ்வொரு முறையும் முன்னாலிருந்த மரத்தில் மோதிர விரலால் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய பிறகுதான் வேலாயுதத்தின் கை நாடாவை எடுத்தது. தட்டாவிட்டால் கை காத்திருந்தது.

வேலாயுதம் முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனதும் கேட்டேன். "எப்பவும் நீங்கதான் தட்டுவீங்களாம்மா?"

"இல்ல பாய். முன்னாடி அவரு தட்டுவாரு, நான் போடுவேன். பெரிய கைக்குப் பின்னாடிதான் கரைக்கை."

"எப்ப மாறிச்சு?"

"மாறினப்ப தெரியல. ஒரு நாள் பாக்கறேன், நான் தட்டிக்கினு இருக்கேன்."

"பையன்கிட்ட சொல்லி இருக்கலாமே?"

"சொன்னா தறியைக் கழட்டிடுவான். டாக்டரு, மாத்திரை, ஒரகடத்துல ஃபிளாட்டு. தப்பு சொல்லல பாய், நல்ல புள்ள. ஆனா தறி இல்லன்னா நான் எதுல தட்டுவேன்? இது மேல உக்காந்தா அவரு அவராவே இருக்காரு."

கூட்டுப் பத்திரத்தை விளக்கினேன். அந்த அம்மாள் ஒன்றைத்தான் கேட்டார்.

"நான் அவரு பக்கத்துல உக்காரலாமா?"

"உக்காரலாம்."

"வலது பக்கம்?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும்."

"அப்ப ஆயிடும்," என்றார். வேலாயுதம் திரும்பி வந்து உட்கார்ந்ததும் என் கண் முன்னாலேயே செய்து காட்டினார். மரத்தில் ஒரு தட்டு. "எம் புள்ள ஆனந்தகுமாருக்கு," என்றார் வேலாயுதம். மறுபடி தட்டு. "எம் புள்ள ஆனந்தகுமாருக்கு." வீட்டில் முன்பே பழக்கி வைத்திருக்கிறார். ஒருமுறைகூடத் தவறவில்லை. 'யாருடைய தூண்டுதலும் இன்றி' என்று நான் தட்டச்சு செய்த வரி எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சொல்லாமல் வந்திருக்கலாம். வாசல்வரை வந்தவரிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீங்க ஜெராக்ஸ் எடுக்கப் போனப்ப ஐயாவைக் கேட்டேன்மா, பவர் யாருக்குன்னு. உங்களுக்குன்னாரு."

"எனக்கா?"

"தில்லைக்குன்னு சொன்னாரு."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் தட்டாமயா சொன்னாரு?"

"நீங்க அங்க இல்லவே இல்லியேம்மா."

பிறகு உள்ளே போய்விட்டார். தறிச் சத்தம் மறுபடி கேட்க வெகுநேரம் ஆயிற்று. [பார்த்தீர்களா, கடைசியில் அந்தச் சத்தத்தை நானும் எழுதிவிட்டேன்.]

8

இந்த இடம்வரை எழுதி, முடிவுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்.

முடிவு அ: அந்த அம்மாள் தட்டுகிறார், அவர் சொல்கிறார், பத்திரம் பதிவாகிறது. ஆனந்தகுமார் எல்லாக் கையெழுத்தும் போடுகிறான், ஒழுங்காகவே போடுகிறான். தறியும் ஓடுகிறது. சட்டம் தூங்குகிறது. யாருக்கும் நஷ்டமில்லை. வாசகர்களில் பாதிப் பேருக்கு இது போதும். என் தொழிலுக்கும் இதுதான் நல்லது.

முடிவு ஆ: பதிவு நடக்கவில்லை. கோர்ட், வக்கீல், மருத்துவக் குழு, வாய்தா. வேலாயுதம் புத்தி தெளிவில்லாதவர் என்று அவருக்கு முன்னாலேயே நீதிபதி படிக்கிறார். வேலாயுதம் அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரிக்கிறார். (இதற்கு மேல் எழுதவில்லை.)

முடிவு இ, ரூக்ஷார் சொன்னது: பையன் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டோடு வந்து இருந்துவிட வேண்டும்.

"அது சினிமா," என்றேன்.

"ஏன், மனுஷன் திருந்தக் கூடாதா?"

"திருந்துறதுக்கு அவன் என்ன தப்பு பண்ணான்?"

அவள் அதை விட்டுவிட்டாள். "அப்போ அந்த அம்மாவுக்கு என்ன வேணும்னு யாராச்சும் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. கதையில் எனக்கு முதலில் தோன்றியது வேலாயுதம், பிறகு பிள்ளை. தில்லையம்மாளை மீதிப் பாதியாகத்தான் எழுதிவந்திருக்கிறேன். மேலே போய்ப் படித்துப் பாருங்கள், தெரியும். திருத்தலாம்தான். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அடியில் குறிப்பிட்டுவிட வேண்டும் என்பது விதி, அதனால் இங்கே குறிப்பிடுகிறேன்: திருத்தவில்லை.

9

புரட்டாசி முதல் வாரம். கூட்டுப் பத்திரம். டாக்டர் சான்றும் வந்துவிட்டது, வயதுக்கு ஏற்ற மறதி என்று. டாக்டர் முன்னாலும் தில்லையம்மாள் வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாராம்.

அதிகாரி இருவரையும் உட்காரச் சொன்னார். ஆனந்தகுமார் பின்னால் நின்றான், நான் அவனுக்குப் பக்கத்தில். மேசை விளிம்பில் தில்லையம்மாளின் கை இருந்தது. மோதிர விரல் கொஞ்சம் தூக்கினாற்போல.

முதலில் அவரைத்தான் கேட்டார் அதிகாரி. "நீங்க யாருக்கும்மா பவர் குடுக்குறீங்க?"

"எம் புள்ளைக்கு. ஆனந்தகுமாருக்கு. முழு மனசோடதான் குடுக்கறேன்."

"நீங்க ஐயா?"

வேலாயுதம் லேசாக வலது பக்கம் சாய்ந்தார். இந்த முறை அங்கே ஆள் இருந்தது.

அவர் காத்திருந்தார். அதிகாரி காத்திருந்தார். ஒரே ஒரு தட்டுத்தான் பாக்கி. அது விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். விழாவிட்டால் அவர் சிரித்துவிடலாம். அல்லது தில்லைக்கு என்று சொல்லிவிடலாம், அப்படிச் சொன்னாலும் பத்திரம் போய்விடும், அதில் இருப்பது மகனின் பெயர்.

தில்லையம்மாள் மேசையிலிருந்து கையை எடுத்தார். எடுத்து மடியில் வைத்து, இன்னொரு கையால் மூடிக்கொண்டார். பிறகு முகத்தைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். தறியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, இருவருக்கும் பார்வை துணியில்தான் இருக்கும். அந்த அம்மாள் இப்போது ஏதோ கேட்க வந்தவர் போல நேருக்கு நேராகப் பார்த்தார்.

"அம்மா," என்றான் ஆனந்தகுமார் மெதுவாக.

அவர் திரும்பவில்லை. "இருப்பா. அவரே சொல்லட்டும்."

வேலாயுதம் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

10

அவர் சொன்னது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ரூக்ஷார் தினமும் கேட்கிறாள்.

எழுத உட்கார்ந்தேன். ஒரு சொல் போட்டு அழித்தேன். இன்னொன்று போட்டு அதையும் அழித்தேன். இரண்டும் அவர் வாயில் பொருந்தின, அதுதான் தொந்தரவு. வேலாயுதத்துக்காக அவர் மனைவி பேசியிருக்கிறார், மகன் பேச வந்தான், டாக்டர் பேசினார், 'ஆகிய நான்' என்று போட்டு நானே அவருக்காகப் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறேன். இந்தக் கதையை எழுத அவர் எனக்குப் பவர் எதுவும் கொடுக்கவில்லை.

பத்திரத்தில் காலியிடம் விட்டால் குறுக்கே கோடு போட்டு அடைத்துவிடுவோம், பின்னால் யாரும் எதையும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. கீழே நான் கோடு போடவில்லை.

"நீங்க ஐயா?"

"                                        "

எழுதுவதாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். தில்லையம்மாளின் கை மடியில் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.